ஸ்னோடென் தியாகியா, துரோகியா: இந்தச் சண்டை ஏன் ஓயவில்லை?

விசில்புளோயர் என்றால், தான் வேலை பார்க்கும் இடத்தில் நடக்கும் தவறை உள்ளிருந்தே அம்பலப்படுத்துபவர். அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏவின் ஒப்பந்த ஊழியர் எட்வர்ட் ஸ்னோடென் 2013 ஜூனில் செய்தது அதுதான். சாதாரண மக்கள் யாருக்கு, எப்போது, எவ்வளவு நேரம் போன் பேசினார்கள் என்ற விவரத்தை அரசு மொத்தமாகச் சேகரித்துவந்தது அப்போது வெளியானது.

சரி, விசுவாசக் கேள்வி எங்கே வருகிறது? ஒரு குடியிருப்பின் காவலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லார் கடித உறையிலும் உள்ள முகவரிகளை நிர்வாகம் ரகசியமாகக் குறித்துவைப்பதைப் பார்க்கிறார், வெளியே சொல்லிவிடுகிறார். கூடவே பூட்டுகளின் விவரமும் போய்விடுகிறது. அவர் யாருக்கு உண்மையாக இருக்க வேண்டும், குடியிருப்பவர்களுக்கா, சம்பளம் கொடுத்தவர்களுக்கா? ஸ்னோடென் விஷயத்தில், வெளிநாட்டு உளவு பற்றிய ஆவணங்களும் வெளியானது அவரை எதிர்ப்பவர்களின் வலுவான வாதம். அதை நான் ஒதுக்க மாட்டேன். ஆனால் அந்தப் போன் பதிவுச் சேகரிப்பு சட்டவிரோதம் என்று 2020-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமே சொன்னது. அவர் மனதில் என்ன இருந்தது என்பதைவிட எனக்கு இதுதான் கனமாகப் படுகிறது.

அப்புறம், பலர் நினைப்பதுபோல் அவர் நேராக ரஷ்யாவுக்கு ஓடவில்லை: ஹாங்காங்கில் செய்தியாளர்களைச் சந்தித்துவிட்டுக் கிளம்பியவர், பாஸ்போர்ட்டை அமெரிக்கா ரத்து செய்ததால் மாஸ்கோ விமான நிலையத்தில் ஏறக்குறைய 40 நாள் சிக்கிக்கொண்டார்.