மனநல வார்டில் உடம்பை யார் கவனிப்பது?

மனநல வார்டில் சேர்க்கப்பட்டவர்களின் உடல்நலம் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துவிடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தற்கொலைதான் இதற்குக் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம் இதயநோய், சர்க்கரை, நுரையீரல் நோய், தொற்று போன்றவைதான். இவற்றில் பலவற்றை ஒரு எடைமெஷின், ஒரு பிபி கருவி, சில ரத்தப் பரிசோதனைகள் கொண்டு முன்கூட்டியே பிடித்துவிடலாம்.

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. வார்டில் சேர்த்து ஒலான்சபின் கொடுக்கிறார்கள். குரல் கேட்பது குறைந்துவிட்டது. ஆனால் இரண்டு மாதத்தில் ஏழு கிலோ ஏறிவிட்டான். கேட்டால் "முதலில் மனம் சரியாகட்டும்மா" என்கிறார்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லலாமா? (மதுரை)

பதில்: நிறுத்தச் சொல்லாதீர்கள் அம்மா. ஆனால் "முதலில் மனம்" என்ற பதிலோடு திரும்பியும் வந்துவிடாதீர்கள். எடையைக் கூட்டும் மனநல மருந்துகளில் ஒலான்சபினும் குளோசபினும் முன்வரிசையில் இருப்பவை. சாப்பிட்டது போதும் என்று மூளைக்குச் சொல்லும் வழிகளை இவை மந்தமாக்கிவிடுகின்றன. உங்கள் மகன் தட்டைக் காலி செய்துவிட்டு மறுபடியும் பசி என்றால் அது பேராசையும் இல்லை, சோம்பலும் இல்லை. நிஜமாகவே அவனுக்குப் பசிக்கிறது. இந்த எடை முதல் சில வாரங்களிலும் மாதங்களிலும்தான் மிக வேகமாக ஏறும். தடுக்க வேண்டுமென்றால் அதுதான் நேரம்.

மருந்து தொடங்கும்போது எடை, இடுப்புச் சுற்றளவு, பிபி, வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு அளவு ஆகியவற்றைக் குறித்திருக்க வேண்டும். அந்தக் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் இன்றைய அளவையாவது எடுக்கச் சொல்லுங்கள். முதல் ஆறு வாரம் வாராவாரம் எடை பார்ப்பது நல்ல பழக்கம். மூன்றாவது மாதம் ரத்தப் பரிசோதனை, அப்புறம் வருடத்துக்கு ஒரு முறையாவது. நம் ஊர்க்காரர்களுக்கு இடுப்பு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. தாண்டினாலே கவனிக்க வேண்டும். வெளிநாட்டு அட்டவணையை வைத்துக்கொண்டு "இன்னும் இடம் இருக்கிறது" என்று சொன்னால் ஏற்காதீர்கள்.

அளந்து எழுதி வைத்தால் மட்டும் போதாது. அரிபிப்ரசோல் போல எடையை அவ்வளவாகக் கூட்டாத மருந்துக்கு மாற்ற முடியுமா, சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் சேர்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கும் இந்த எடை ஏற்றத்தைக் குறைக்க மெட்ஃபார்மின் உதவும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது.

இன்னொரு விஷயம், கோபித்துக்கொள்ளக் கூடாது. பார்க்க வரும் உறவினர்கள் ஆளுக்கொரு மிக்சர் பாக்கெட்டும் இரண்டு லிட்டர் குளிர்பானமும் வாங்கி வருகிறார்கள். வார்டுச் சாப்பாடு ஏற்கெனவே மூன்று வேளையும் மாவுச்சத்துதான். மருந்தால் வாய் வறண்டு தாகம் எடுக்கும்போது கையில் கிடைப்பது குளிர்பானம் என்றால் சர்க்கரை ஏறாமல் என்ன செய்யும்? வெறும் கையோடு போக மனசு வராது, தெரியும். சுண்டல், கொய்யா, வெள்ளரிக்காய், மோர் கொண்டு போங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 52 வயது. குளோசபின் தொடங்கியிருக்கிறார்கள். நான்கு நாளாக வெளியே போகவில்லை, வயிறு கல் மாதிரி இருக்கிறது என்கிறார். "எப்போதும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார்" என்று வார்டில் சிரிக்கிறார்கள். (சேலம்)

பதில்: இதைப் படித்தவுடன் வார்டுக்குப் போய் மருத்துவரை வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். குளோசபின் குடலின் அசைவையே குறைத்துவிடும். மலச்சிக்கல் என்று விட்டால் குடல் அடைத்துக்கொண்டு உயிரே போகலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 ஜனவரியில் இதற்காகவே எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. வயிறு உப்புவது, வாந்தி, காற்றுகூடப் பிரியாமல் இருப்பது, இதில் எது இருந்தாலும் அவசரம்.

கை நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் கொடுக்கும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் மாத்திரையும் கூடவே இருந்தால் சிக்கல் இன்னும் அதிகமாகும். அது இப்போதும் தேவையா என்று கேளுங்கள். குளோசபின் எடுப்பவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே மலமிளக்கி சேர்ப்பது நல்லது. வீட்டிலிருந்து இசப்கோல் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். குடல் நகராதபோது அது கனத்தைத்தான் கூட்டும். மலம் போன நாளை நர்ஸ் தினமும் கேட்டுக் குறிக்க வேண்டும். கேட்கக் கூச்சப்படும் வார்டுகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

குளோசபின் எடுப்பவருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றே வெள்ளணுக்களின் எண்ணிக்கை பார்க்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: அப்பா நாளுக்கு இரண்டு கட்டு பீடி பிடிப்பவர். வார்டில் பீடி கிடையாது. அதே குளோசபின், அதே அளவு. ஆனால் ஒரு வாரத்தில் எந்நேரமும் தூக்கம், தலையணை முழுக்க எச்சில். நோய் முற்றிவிட்டதா? (தூத்துக்குடி)

பதில்: நோய் முற்றவில்லை, ரத்தத்தில் மருந்து ஏறியிருக்கிறது என்றே நினைக்கிறேன். புகையில் உள்ள தார்ப் பொருட்கள் கல்லீரலைத் தூண்டி குளோசபினை வேகமாகச் சிதைக்க வைக்கின்றன. பீடி நின்றதும் அந்த வேகம் சுமார் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். அதே மாத்திரைக்கு ரத்தத்தில் மருந்தின் அளவு ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ ஏறலாம். தூக்கமும் எச்சிலும் அதன் அடையாளம். அளவு ரொம்ப ஏறினால் வலிப்புகூட வரலாம். மருத்துவரிடம் பீடிக் கணக்கை மறைக்காமல் சொல்லுங்கள், மாத்திரையைக் குறைக்க வேண்டியிருக்கும். ஒலான்சபினுக்கும் ஓரளவு இது பொருந்தும். இதற்குக் காரணம் புகைதான், நிகோடின் இல்லை. அதனால் நிகோடின் சூயிங்கம் கொடுத்தாலும் இந்த ஏற்றம் வரவே செய்யும். ஆனாலும் பீடி இல்லாத தவிப்புக்கு அதைக் கொடுக்க வேண்டும். அந்தத் தவிப்பை மனநோயின் கொந்தளிப்பு என்று எண்ணி ஊசி போடுவது நடக்கிறது.

ஆபத்து வீட்டில்தான் காத்திருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆகி வந்த அன்றே பெட்டிக்கடைக்குப் போய் பழைய கணக்கைத் தொடங்கினால், குறைத்த மாத்திரை போதாமல் போய்விடும். சில வாரங்களில் நோய் திரும்பும். எல்லாரும் "மாத்திரையைத் துப்பியிருப்பார்" என்று அவரைத்தான் திட்டுவார்கள்.

சொன்னபடி கேட்டால் ஒரு பீடி என்று பரிசாகக் கொடுக்கும் வழக்கம் நம் காப்பகங்களில் இன்னும் முழுதாகப் போகவில்லை. நுரையீரல் கெடுவது தெரிந்தே கொடுக்கிறார்கள். இதை அன்பு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

கேள்வி: நான் மனநலப் பிரிவில் நர்ஸ். நோயாளி நெஞ்சு வலி என்கிறார். பொதுப் பிரிவு டியூட்டி டாக்டருக்குப் போன் செய்தால் "உங்க பேஷன்ட் அப்படித்தான் சொல்வாங்க சிஸ்டர்" என்கிறார். என்ன செய்வது? (ஊர் வேண்டாம்)

பதில்: மனநோய் என்ற சீட்டு ஒட்டப்பட்டதும் உடம்பு சொல்வது எதுவும் யார் காதிலும் ஏறுவதில்லை. வார்டில் நடக்கும் தவிர்க்கக்கூடிய மரணங்களுக்குப் பின்னால் இது பலமுறை இருக்கிறது. "வயிற்றுக்குள் பாம்பு கடிக்கிறது" என்று சொல்பவருக்குக் குடற்புண்ணும் இருக்கலாம். பாம்பு பிரமை, வலி நிஜம்.

போனில் சொல்லும் வரிசையை மாற்றிப் பாருங்கள். "ஸ்கிசோஃப்ரினியா பேஷன்ட் ஒருவர்" என்று ஆரம்பிக்காமல், "48 வயது ஆண், அரை மணி நேரமாக நெஞ்சு வலி, வியர்வை, நாடித்துடிப்பு இவ்வளவு, பிபி இவ்வளவு, ஆக்சிஜன் இவ்வளவு, ஈசிஜி எடுத்தாயிற்று" என்று ஆரம்பியுங்கள். எந்த வார்டு என்பதைக் கடைசியில் சொல்லலாம். கூப்பிட்ட நேரத்தையும் கிடைத்த பதிலையும் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். எழுதுகிறார்கள் என்று தெரிந்தால் பலர் நேரில் வந்துவிடுவார்கள். வராவிட்டால் அவருக்கு மேலே உள்ளவரைக் கூப்பிடுங்கள். சட்டமும் உங்கள் பக்கம்தான். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 21, அவசர சிகிச்சை, ஆம்புலன்ஸ் உட்பட எல்லாவற்றிலும் மனநோயாளியை உடல்நோயாளிக்குச் சமமாக நடத்தச் சொல்கிறது.

காத்திருக்கவே கூடாதவை மூன்று. மனநோய் மருந்து எடுப்பவருக்குக் கடும் காய்ச்சலோடு உடம்பு விறைத்தால் அடுத்த டோசைக் கொடுக்காமல் நிறுத்திவைத்து உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள், தீவிர சிகிச்சை தேவைப்படலாம். நேற்று வரை தெளிவாக இருந்த முதியவர் இன்று திடீரென்று குழம்பினால் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா, ரத்தத்தில் சோடியம் என்ற உப்பின் அளவு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பல நாள் அசையாமல் படுத்திருப்பவரின் ஒரு கால் மட்டும் வீங்கினால் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: தம்பி மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் மாத்திரை எடுக்கிறான். முட்டி வலி என்றான். நான் வழக்கமாகப் போடும் டைக்ளோஃபெனாக் மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுக்கலாமா? (வேலூர்)

பதில்: வேண்டாம். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை லித்தியம் சிறுநீரில் வெளியேறுவதைக் குறைத்து, ரத்தத்தில் நஞ்சாகும் அளவுக்கு ஏற்றிவிடக்கூடும். பாராசிட்டமால் போதுமா என்று வார்டில் கேளுங்கள். உங்கள் ஊர் வெயிலில் வியர்த்துக்கொட்டினாலும், வயிற்றுப்போக்கு வந்தாலும் இதே ஆபத்து. தண்ணீர் தாராளமாகக் குடிக்கட்டும், உப்பைத் திடீரென்று குறைக்க வேண்டாம். கை பெரிதாக நடுங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ அடுத்த மாத்திரைக்கு முன் ரத்தத்தில் லித்தியம் அளவு பார்க்க வேண்டும்.

கேள்வி: ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மருந்தைத் தொடங்கியபிறகு மகளுக்கு மாதவிடாய் வரவில்லை. வார்டில் ஆண் டாக்டர், அவளுக்குச் சொல்லக் கூச்சம். (தஞ்சாவூர்)

பதில்: பெண் நர்ஸ் மூலம் சொல்லுங்கள், ஆனால் சொல்லாமல் விடாதீர்கள். ரிஸ்பெரிடோன் புரோலாக்டின் என்ற ஹார்மோனைக் கூட்டும். மாதவிடாய் நிற்பதும் சிலருக்கு மார்பில் பால் கசிவதும் அதனால்தான். முதலில் கர்ப்பப் பரிசோதனை, பிறகு புரோலாக்டின் அளவு. பல ஆண்டுகள் இப்படியே விட்டால் எலும்பு வலுவிழக்கும், வேறு மருந்துக்கு வழி இருக்கிறது. அவளுக்கு வால்ப்ரோயேட்டும் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். கருவைப் பாதிக்கும் மருந்து என்பதால் இளம்பெண்களுக்கு அதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். வார்டில் நாப்கின் கிடைக்கச் செய்வதும், கட்டாயமாக மொட்டையடிக்காமல் இருப்பதும் மேலே சொன்ன சட்டத்தின் 20ஆம் பிரிவில் உள்ள உரிமைகள். பேன் என்று சொல்லி மொட்டையடிக்க வந்தால் மருந்து ஷாம்பூ கேளுங்கள்.

கேள்வி: சித்தப்பா பல வருடமாகக் காப்பகத்தில் இருக்கிறார். போய்ப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? (காரைக்குடி)

பதில்: வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். வாய் வறட்சியால் பற்கள் சொத்தையாகும். நீண்டகால நோயாளிகளைப் பல் மருத்துவரிடம் கூட்டிப்போவது அபூர்வம். சாப்பிடும்போது பக்கத்தில் உட்காருங்கள். புரையேறுகிறதா, அள்ளித் திணிக்கிறாரா? பழைய தலைமுறை மனநோய் மருந்துகளால் நாக்கும் தாடையும் தானாக அசையும்போது விழுங்குவது சிரமம். தொண்டையில் அடைத்து இறப்பவர்கள் உண்டு. இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்துச் சின்னதாகப் பிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். விரல் இடுக்கில் சிரங்கு, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை, கண்ணில் புரை, இவற்றையும் பாருங்கள். வெயில் ஏறும் முன் அரை மணி நேரம் நடக்க விடுகிறார்களா என்று கேளுங்கள். "ஆள் இல்லை சார்" என்பார்கள். நீங்கள் போகிற நாளிலாவது கூட்டிக்கொண்டு நடங்கள்.

கேள்வி: அண்ணிக்கு அடுத்த வாரம் டிஸ்சார்ஜ். என்னென்ன கேட்டு வாங்க வேண்டும்? (ஈரோடு)

பதில்: டிஸ்சார்ஜ் சீட்டில் மனநல மருந்துகள் மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். கடைசி எடை, பிபி, சர்க்கரை, கொழுப்பு, ஈசிஜி எடுத்திருந்தால் அதன் நகல், அடுத்த ரத்தப் பரிசோதனை எந்த மாதம், யார் பார்ப்பது, எல்லாம் அதில் இருக்கட்டும். சிகிச்சை ஆவணங்களைப் பார்க்கும் உரிமை அண்ணிக்கு உண்டு. பிபி, சர்க்கரை ஏற்கெனவே இருந்தால் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் பதிந்துவிடுங்கள், மாத்திரை வீட்டுக்கே வரும். மனநல மருந்து பற்றி நடுராத்திரியில் சந்தேகம் வந்தால் டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவித் தொலைபேசி எண் 14416.