கையில் ஸ்டாக் இருக்கிறது, ரைபிள் இல்லை: கேள்வி-பதில்

அமெரிக்காவில் இருக்கும் வாசகர்கள் போல்ட்-ஆக்‌ஷன் ரைபிள் (போல்ட் என்ற உருளையைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் வகை) பற்றி அனுப்பியிருந்த கேள்விகளில் பாதிக்கு மேல், வீட்டில் சும்மா கிடக்கும் ஒரு ஸ்டாக்கை, அதாவது ரைபிளின் உலோகப் பாகங்களைத் தாங்கி நாம் தோளில் வைக்கும் கட்டையைப் பற்றியவை. அவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கே: வேட்டைக்குப் போகும் நண்பர் தன் ரெமிங்டன் 700 ரைபிளுக்கு ஃபைபர்கிளாஸ் ஸ்டாக் மாற்றிவிட்டு, பழைய வால்நட் ஸ்டாக்கை எனக்குக் கொடுத்துவிட்டார். இதை வைத்து ஒரு ரைபிள் கட்ட ஆசை. எங்கே தொடங்குவது?

கடைக்குப் போகும் முன் ஸ்டாக்கைக் கவிழ்த்துப் பாருங்கள். ஆக்‌ஷன் என்பது தோட்டாவை ஏற்றிச் சுடும் உலோகப் பாகம். 700-ல் ஷார்ட், லாங் என்று இரண்டு நீளத்தில் ஆக்‌ஷன் உண்டு. ஸ்க்ரூ துளைகளின் இடைவெளி இரண்டுக்கும் வேறு. உங்கள் ஸ்டாக் ஷார்ட் என்றால் .308 வின்செஸ்டர் மாதிரியான தோட்டாக்களோடு நின்றுகொள்ள வேண்டும்; .30-06-க்கு லாங் வேண்டும். அடிப்பக்கம் மூடியிருந்தால் ஏடிஎல் வகை, அதாவது தோட்டாக்களை மேலிருந்துதான் போடவும் எடுக்கவும் முடியும். திறந்திருந்தால் கீல் வைத்த மூடி கொண்ட பிடிஎல். அப்புறம் பேரல் (தோட்டா பாயும் குழல்) உட்காரும் வாய்க்காலின் அகலம். மெல்லிய வேட்டை பேரலுக்கு வெட்டியதில் தடித்த பேரலை வைக்க மரத்தைச் சுரண்ட வேண்டிவரும்.

700 வந்தது 1962-ல். அதன் உருளையான அடிப்பாகத்தை அப்படியே பின்பற்றி இன்று பல நிறுவனங்கள் ஆக்‌ஷன் செய்கின்றன, அதனால் உங்களுக்குத் தெரிவு நிறைய இருக்கிறது. மவுசர் 98-க்கோ வின்செஸ்டர் மாடல் 70-க்கோ வெட்டிய ஸ்டாக் என்றால் இந்த வசதி கிடையாது. அவற்றின் அடிப்பாகம் தட்டை, ஒன்றுக்கு வெட்டியது இன்னொன்றுக்கு உட்காராது.

பழைய 700 ஒன்றை வாங்கி அதன் ஆக்‌ஷனைப் பயன்படுத்த நினைத்தால் ட்ரிக்கரைக் கட்டாயம் விசாரியுங்கள். 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை தயாரான எக்ஸ்-மார்க் ப்ரோ ட்ரிக்கர்களை, விரல் படாமலே சுடக்கூடும் என்பதால் நிறுவனமே திரும்பப் பெற்றது. வரிசை எண்ணைச் சரிபார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கே: நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். இதையெல்லாம் வாங்கலாமா?

ஸ்டாக்கை வாங்கலாம், அது வெறும் மரம். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கி என்பது வரிசை எண் பொறித்த ரிசீவர்தான், அதாவது ஆக்‌ஷனின் உடல் பாகம். அதை உரிமம் பெற்ற கடையில் வாங்கும்போது 4473 படிவம் நிரப்ப வேண்டும். எச்-1பி போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது பொதுவாகக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது விதிவிலக்குகளில் ஒன்று. கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. மாநிலச் சட்டம் தனி. இதில் நண்பர் சொன்னார், சுடும் ரேஞ்சில் சொன்னார்கள் என்று இறங்கினால் விசாவே போய்விடும். ஒரு வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் பேசிவிடுங்கள்.

கே: ஊருக்குத் திரும்பும்போது ஸ்டாக்கைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிடலாமா? அங்கே ஒரு தச்சரை வைத்து…

வேண்டாம். இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடங்கும். கொண்டுவரவும் உரிமம் வேண்டும், துப்பாக்கியைச் செய்யவும் பழுதுபார்க்கவும் தனி உரிமம் வேண்டும். அமெரிக்காவிலேயே விற்றுவிடுங்கள்.

கே: ஆக்‌ஷன் ஸ்டாக்கில் கச்சிதமாக உட்கார்கிறது, ஸ்க்ரூவும் இறுக்கிவிட்டேன். பெடிங் (இடைவெளியை எபாக்சிப் பசையால் நிரப்புவது) செய்தே ஆக வேண்டுமா?

ஒரு சோதனை செய்யுங்கள். ரைபிள் காலியாக இருப்பதைக் கண்ணால் ஒருமுறை, விரலால் ஒருமுறை உறுதி செய்துகொண்டு செங்குத்தாக நிறுத்துங்கள். ஸ்டாக்கின் முன்நுனியும் பேரலும் சேரும் இடத்தை ஒரு கையின் விரல்நுனிகளால் பிடித்துக்கொண்டு, மறு கையால் முன் ஸ்க்ரூவை மெதுவாகத் தளர்த்துங்கள். பேரல் துளி நகர்ந்தாலும் விரலுக்குத் தெரியும். நகர்ந்தால், ஸ்க்ரூதான் இதுவரை ஆக்‌ஷனை வளைத்துப் பிடித்திருந்தது என்று அர்த்தம். ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் குறி மாறும்.

கண்ணுக்குக் கச்சிதமாகத் தெரிவதும் உலோகமும் மரமும் முழுக்கப் படிந்திருப்பதும் வேறுவேறு. சுடும்போது வரும் பின்னுதைப்பு முழுவதையும் ரீகாய்ல் லக்கின் (ரிசீவரின் முன்பக்கம் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் உலோகக் கட்டையின்) பின்முகம் மரத்துக்குக் கடத்துகிறது. அந்த முகத்தில் ஓரிரு புள்ளிகள் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அங்கே மரம் நசுங்கும். எபாக்சியை ஊற்றி அந்த இடைவெளியை நிரப்புவதே பெடிங். லக்கின் முன்முகம், இரு பக்கம், அடி மூன்றிலும் டேப் ஒட்டுங்கள், பின்முகம் மட்டும் படிய வேண்டும். ஸ்க்ரூக்களைச் சுற்றி அலுமினியத் தூண்கள் வைத்தால் மரம் அமுங்காது. தூண் இருந்தால் சுமார் 65 அங்குல-பவுண்டு வரை இறுக்கலாம். வெறும் மரத்தில் 40 பக்கம் நிறுத்துங்கள்.

பெடிங்கில் கெட்டுப்போவது பெரும்பாலும் எபாக்சியால் அல்ல, அதற்கு முந்தைய வேலையால்தான். உலோகம் முழுக்க ஒட்டாமல் இருக்கும் பூச்சு வேண்டும். ரிசீவரில் இருக்கும் துளைகள், பள்ளங்கள் ஒன்றுவிடாமல் களிமண்ணால் அடைத்திருக்க வேண்டும். ஒரு பள்ளத்தில் எபாக்சி புகுந்து இறுகிவிட்டால் ஆக்‌ஷன் வெளியே வராது. அப்படி மாட்டிக்கொண்டால் சுத்தியலைத் தொடாதீர்கள். பெரிய ஃப்ரீசரில் ஓர் இரவு வையுங்கள், உலோகம் சுருங்கி விட்டுக்கொடுக்க வாய்ப்பு உண்டு. இந்த அடைப்பு வேலைக்கு ஒரு மாலை முழுவதும் செலவழித்தாலும் நியாயமே.

கே: பேரல் ஸ்டாக்கைத் தொடக்கூடாது என்கிறார்கள். உண்மையா?

வால்நட்டில், ஆமாம், தொடாமல் இருப்பது நல்லது. மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். தொட்டுக்கொண்டிருந்தால் பேரலை ஒரு பக்கம் தள்ளும். ஒரு காகிதம் நுனியிலிருந்து ரிசீவர் வரை தடங்காமல் போக வேண்டும். வாய்க்காலின் உட்புறத்துக்கும், பின்னால் ரப்பர் பேடுக்கு அடியில் இருக்கும் மரத்துக்கும் எண்ணெயோ வார்னிஷோ பூசிவிடுங்கள். வெளியே பளபளப்பாக இருந்து உள்ளே பூச்சில்லாத மரமாக விட்டிருக்கும் ஸ்டாக்குகள் ஏராளம்.

கே: என் மனைவி ஐந்தடி இரண்டு அங்குலம். அவருக்கு இந்த ஸ்டாக் பெரிதாக இருக்கிறது.

ட்ரிக்கரிலிருந்து பின்முனை வரை கடைச் சரக்கு சுமார் 13.5 அங்குலம் இருக்கும். அவருக்கு அது நீளம்தான். கழுத்தை நீட்டிக் கண்ணை ஸ்கோப்புக்குக் கொண்டுபோகிறார் என்றால் வெட்டித்தான் ஆக வேண்டும், மரத்தில் அது சுலபம். கண்ணை மூடிக்கொண்டு காலி ரைபிளைத் தோளில் வைக்கச் சொல்லுங்கள். திறந்ததும் ஸ்கோப் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். கறுப்பு நிழல் தெரிந்தால் நீளமோ கன்னம் படும் உயரமோ சரியில்லை. குளிருக்குப் போடும் தடித்த ஜாக்கெட்டோடு அளந்து, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள்.

கே: பேரலை நானே மாற்றிவிடலாமா? சாவேஜ் ரைபிளில் வீட்டிலேயே செய்கிறார்களே.

சாவேஜ் 110-ல் பேரலை ஒரு நட் பிடித்திருக்கிறது, அதனால் கேஜ் (அளவுக் கட்டை) வைத்துச் சரிசெய்ய முடிகிறது. தொழிற்சாலை 700-ல் அந்த நட் இல்லை, லேத்தில் கடைய வேண்டும். போல்ட்டின் முகத்துக்கும் அறைக்குள் தோட்டா நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம் கூடிப்போனால் தோட்டா உறை கிழிந்து, சூடான வாயு முகத்தை நோக்கி வரும். ஸ்டாக் வேலையை நீங்கள் ரசித்துச் செய்யுங்கள், தவறினால் மரம்தான் போகும். பேரல் வேலையைத் துப்பாக்கி வேலை தெரிந்த கன்ஸ்மித்திடம் கொடுங்கள். ரைபிள் கைக்கு வந்ததும் அந்தத் தூரம் குறையவில்லை என்று காட்டும் 'கோ' கேஜில் போல்ட் மூடுகிறது, கூடவில்லை என்று காட்டும் 'நோ-கோ' கேஜில் மூடவில்லை என்பதை உங்கள் முன்னாலேயே காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.