சொந்த அனுபவத்தைக் கட்டுரையாக எழுதும்போது உடம்பையும் புலன்களையும் எப்படிப் பயன்படுத்துவது?

தோலில் தொடங்குங்கள், மனதைக் கடைசியில் வையுங்கள். எனக்குக் கைகொடுத்தது இதுதான்.

என் அப்பா நெசவாளி. அவர் காலமான பிறகு அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். "அப்பா மிகவும் கஷ்டப்பட்டு எங்களை வளர்த்தார்" என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதிவிட்டுப் படித்தால், அது யாருடைய அப்பாவுக்கும் பொருந்தும். என் அப்பா அதில் இல்லை.

தொல்காப்பியத்தில் மரபியல் என்ற பகுதியில் உயிர்களை அறிவால் வகைப்படுத்தும் இடம் அப்போது ஞாபகம் வந்தது. புல்லுக்கும் மரத்துக்கும் தொடு உணர்வு மட்டும். அப்புறம் நாக்கு, மூக்கு, கண், காது என்று ஒவ்வொன்றாகக் கூடி, ஆறாவதாகத்தான் மனம் வருகிறது. நான் அந்த ஆறாவதிலேயே தொடங்கியிருந்தேன். கஷ்டம் என்பது மனம் பிற்பாடு போட்ட கணக்கு.

சரி, முதலில் இருந்து வருவோம் என்று பேனாவை வைத்துவிட்டு, திண்ணை ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தேன். அப்பாவுடையது குழித்தறி, தரையில் குழி தோண்டிப் போட்ட தறி. அதில் அப்படித்தான் உட்கார வேண்டும். கால்கள் குழிக்குள் மிதிக்கட்டையின் மேல் இருக்கும்.

கொஞ்ச நேரத்தில் உள்ளங்காலில் ஒரு சில்லிப்பு. சின்ன வயதில், அப்பா இல்லாத நேரம் பார்த்து அந்தக் குழிக்குள் இறங்கி நின்றிருக்கிறேன். மேலே ஓடு காயும், கீழே மண் ஈரமாக இருக்கும். அந்தச் சில்லிப்புக்குப் பின்னாலேயே பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டும் நூலுக்கு, போட்ட கஞ்சியின் புளித்த வாடையும் வந்தது. வாசனை பழையதை இழுத்துக்கொண்டு வருவதற்குக் காரணம் உண்டு. மூக்கிலிருந்து போகும் செய்தி, நினைவையும் உணர்ச்சியையும் கவனிக்கும் மூளைப் பகுதிகளுக்கு மற்றப் புலன்களைவிடக் குறுக்கு வழியில் போய்ச் சேர்கிறது. குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு நாடா ஓடும் சத்தம் அதற்கும் பிறகுதான் கேட்டது.

நீங்களும், எந்த நாளைப் பற்றி எழுதப்போகிறீர்களோ அந்த நாளில் உங்கள் உடம்பு எங்கே, எப்படி இருந்தது என்று முதலில் கேட்டுப் பாருங்கள். நின்றீர்களா, கையில் என்ன இருந்தது, வாய் உலர்ந்திருந்ததா. முடிந்தால் அதே மாதிரி உட்கார்ந்தோ நின்றோ பாருங்கள்.

ஆனால் நாம் எழுதுவது கதை இல்லை, நடந்தது. உடம்புக்குத் தோன்றியதெல்லாம் நடந்ததாகிவிடாது. விசாரித்தே ஆக வேண்டும். அம்மாவிடம் கேட்டேன்: "தறிக்குழி மண்ணு சில்லுனுதானம்மா இருக்கும்?"

"சில்லுனா? ஐப்பசி கார்த்திகையில தண்ணியே ஊறி நிக்குமே. உங்கப்பா சொம்பால மொண்டு மொண்டு ஊத்துவாரு. திரும்ப ஊறிடும். மழை விடுற வரைக்கும் தறி ஓடாது, கூலியும் வராது."

எனக்கு அது அடியோடு மறந்துபோயிருந்தது. பழைய இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். கட்டுரை இப்போது முழங்கால் ஆழக் குழிக்குள் குனிந்து, சொம்பால் தண்ணீர் மொள்ளும் அப்பாவிடமிருந்து தொடங்குகிறது.