திருகோணமலையில் பிறந்தவருக்கு நடிப்புச் சரிவருமா?

கேட்டிருப்பவர் ஏ.எல். (உயர்தரம்) படிக்கும் ஒரு தம்பி. நம் ஊரில் இருந்துகொண்டே நடிகராக வழி இருக்கிறதா, இல்லை லொஸ்லியா மாதிரி டிவிக்குப் போய் அங்கிருந்து தமிழ்நாட்டுக்குப் போனால்தான் உண்டா என்பது கேள்வி. லொஸ்லியா இங்கே சக்தி டிவியில் செய்தி வாசித்தார், 2019இல் பிக் பாஸ், 2021இல் படம். அதுவும் ஒரு வழிதான். ஆனால் அந்த அழைப்பு யாருக்கு எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. என் வழியைச் சொல்கிறேன்.

நான் மூதூர்ப் பக்கம். எங்கள் ஊரில் கூத்துப் பழக்குவார்கள். கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் ஆளைப் பார்த்து, குரலைக் கேட்டு, இன்னாருக்கு இன்ன வேஷம் என்று சட்டம் கொடுப்பார். அந்தப் பாத்திரத்தின் பாட்டும் வசனமும் எழுதிய கொப்பிதான் சட்டம். ராஜா வேஷம் என் மச்சானுக்குப் போனது, எனக்குக் கட்டியகாரன். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. பிறகுதான் தெரிந்தது, ராஜா வருவதற்கு முன் சபையை அடக்குகிற வேலை என்னுடையது என்று. பழகும் காலத்தில் காலில் சதங்கை கிடையாது. அதற்கென்று ஒரு நாள் வைத்துத்தான் கட்டிவிடுவார்கள். கட்டிய பிறகு ஓர் அடி பிசகினாலும் ஊருக்கே கேட்கும். தாளத்துக்கு நான் பயந்ததும் அங்கேதான், தாளத்தைப் பிடித்ததும் அங்கேதான்.

பள்ளிக்கூடத்தில் தமிழ்மொழித் தினப் போட்டி. வலயம், மாகாணம் என்று மேலே போகப் போக ஒத்திகைக்குத் திருகோணமலை ரவுணுக்கு வரவேண்டும். கிண்ணியாப் பாலம் 2009இல்தான் வந்தது, அதற்கு முன் எங்களுக்கு லோஞ்ச் படகுதான். கடைசி லோஞ்சை விட்டால் மாமி வீட்டில் படுக்கை, அடுத்த நாள் அம்மாவிடம் ஏச்சு. "கூத்தாடப் போறியா, படிக்கப் போறியா?" என்பார். நாடகமும் அரங்கியலும் ஏ.எல். பாடம், மட்டக்களப்புக் கல்லடியில் சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் அதற்குப் பட்டமே இருக்கிறது என்று காட்டிய பிறகுதான் அடங்கினார். நாடகம் எதற்கு என்று கேட்கும் பெரியவர்களுக்கு இன்னொன்றும் சொல்லலாம்: 1926இல் நாடகம் பற்றி 'மதங்க சூளாமணி' எழுதிய விபுலாநந்தர், நம் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தவர். மறுபேச்சு வராது.

கமராவுக்கு வந்தபோது பழையது பாதி உதவியது, பாதி இடைஞ்சல். கூத்தாடும் வட்டக்களரியில் சுற்றிவர ஆட்கள் இருப்பார்கள். கடைசியில் நிற்கிறவனுக்கும் குரல் போகவேண்டும், வரி மறந்தால் பிற்பாட்டுக்காரர் தூக்கிவிடுவார்கள். கமரா முன்னால் அதே குரலில் பேசினேன், இயக்குநர் தம்பி, "அண்ணா, நான் இஞ்சதான் இருக்கிறன்" என்றார். தேநீர் குடித்துக்கொண்டே பேசும் காட்சி அது. எந்தச் சொல்லில் கோப்பையைத் தூக்கினேனோ, ஒவ்வொரு தடவையும் அதே சொல்லில் தூக்கவேண்டும். இல்லையென்றால் எடிட்டிங்கில் ஒட்டாது. அதில் மட்டும் கூத்து கைகொடுத்தது. சொல்லுக்கும் அசைவுக்கும் முடிச்சுப் போட்டுத்தானே பழகியிருக்கிறோம்.

சரி, காசு? இலங்கையில் தமிழ்ப் படம் நடித்து மட்டும் வீட்டை ஓட்டுவது நடக்காத காரியம். குறும்படத்துக்குச் சாப்பாடும் பஸ் காசும் கிடைத்தால் நல்ல தயாரிப்பாளர் என்று அர்த்தம். எனக்கு அடுப்பு எரிவது கொழும்பில் விளம்பரங்களுக்குக் குரல் கொடுப்பதில். இரவு ரயிலில் போய், வேலை முடித்து அடுத்த இரவு ரயிலில் திரும்புவேன். கூட்டாளிகள் பலர் பள்ளிக்கூடத்தில் நாடகப் பாட ஆசிரியர்கள். மாதச் சம்பளம் வருகிறது, வருடத்துக்கு ஒரு நல்ல நாடகமும் போடுகிறார்கள். அதைத் தோல்வி என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. சென்னை ஆசை இருந்தால் அங்கத்தைய பேச்சைத் தனியாகப் பழகவேண்டும், அதற்கும் காலம் எடுக்கும்.

ஏ.எல். முடித்ததும் கல்லடிக்கு விண்ணப்பம் போடுங்கள். புள்ளி மட்டும் பார்க்கமாட்டார்கள், அந்தத் துறைக்கு ஏற்றவரா என்று பார்க்கும் உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. அதற்குள் ஊரில் யாராவது கூத்துப் பழக்கினால் போய் நில்லுங்கள். கட்டியகாரன் கிடைத்தாலும் வாங்குங்கள்.