எம்.பி.பி.எஸ். இடம் கிடைக்காவிட்டால் ஆயுர்வேதமா?

வணக்கம் அம்மா. மகளின் நீட் மதிப்பெண்ணுக்கு எம்.பி.பி.எஸ். கிடைக்காது, உறவினர்கள் "ஆயுர்வேதத்துலயாவது சேர்த்துடுங்க, டாக்டர்னு பேர் வந்துடும்" என்கிறார்கள், அவள் எதுவும் பேசமாட்டேன் என்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். பெயருக்கு முன்னால் டாக்டர் வரும் என்பதற்காக மட்டும் சேர்க்காதீர்கள். ஆயுர்வேத மருத்துவப் பட்டமான பி.ஏ.எம்.எஸ். ஐந்தரை ஆண்டுப் படிப்பு. நாலரை ஆண்டு வகுப்பு, ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. மனம் ஒட்டாமல் அவ்வளவு காலம் தள்ளுவது கஷ்டம்.

ஆயுர்வேதம் உடம்பைப் பார்க்கிற விதம் அவளுக்குப் பிடிக்கிறதா என்று முதலில் தெரியவேண்டும். நிலம், நீர், நெருப்பு, காற்று, வெளி என்ற ஐந்து பூதங்களின் சேர்க்கையே உடல். அதை நடத்துபவை வாதம், பித்தம், கபம் என்ற மூன்று தோஷங்கள். அசைவெல்லாம் வாதம், சூடும் செரிமானமும் பித்தம், கட்டுக்கோப்பும் ஈரப்பசையும் கபம். இவை ஆளுக்கு ஆள் வேறு அளவில் பிறவியிலேயே அமைகின்றன, அதுதான் பிரகிருதி. ஆகவே மூட்டுவலி என்று மூன்று பேர் வந்தால், மூவருக்கும் ஒரே கஷாயம் போகாது. பசி எப்படி, தூக்கம் எப்படி, வயிறு சரியாகப் போகிறதா, மழைக்காலத்தில் வலி கூடுகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தியர் மருந்துக்கு வருவார். நோயாளியிடம் பொறுமையாக உட்கார்ந்து பேசுவது உங்கள் மகளுக்குப் பிடிக்கும் என்றால், அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்வேன்.

அப்புறம் அக்னி, அதாவது சாப்பிட்டதைச் செரிக்கவைக்கும் நெருப்பு. அது மந்தமானால் சாப்பிட்டது அரைகுறையாகச் செரித்து 'ஆமம்' ஆகிறது, பல நோய்கள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன என்பது நூல்களின் கணக்கு. நான் வியந்து படித்தது, ஆரோக்கியத்துக்குப் பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதை தரும் இலக்கணத்தை. தோஷம், அக்னி, இரத்தம், தசை, எலும்பு போன்ற ஏழு தாதுக்கள், கழிவு எல்லாம் சமமாக இருந்தால் மட்டும் போதாது. ஆன்மாவும் புலன்களும் மனமும் தெளிந்திருக்க வேண்டும் என்கிறது அது. மருந்துக்கு இணையாக உணவையும் தினசரி ஒழுங்கையும் பருவத்துக்கேற்ற பழக்கங்களையும் இந்த மருத்துவம் வலியுறுத்துவது இதனால்தான்.

முதலாண்டில் பல பிள்ளைகள் திணறுவது சமஸ்கிருதத்திலும் பதார்த்த விஞ்ஞானம் என்ற தத்துவப் பாடத்திலும். கூடவே உடற்கூறியலும் உண்டு, உடலை அறுத்துப் படிக்கவும் வேண்டும். பிறகு மூலிகைகளின் குணம், மருந்து தயாரிப்பு, உடலைச் சுத்தப்படுத்தும் ஐந்து சிகிச்சைகளான பஞ்சகர்மா என்று விரியும். தோஷத்தை இரத்தப் பரிசோதனைபோல அளந்து காட்ட முடியாது. பல மருந்துகளுக்கு நவீன முறையிலான ஆய்வுகள் இன்னும் போதுமான அளவில் இல்லை. மாரடைப்பு, விபத்து போன்றவற்றுக்கு உடனே நவீன மருத்துவமனைக்கு அனுப்பவேண்டியதுதான். இதையெல்லாம் மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தெரிந்து வருகிறவர்தான் நல்ல மருத்துவராவார்.

வேலை என்று பார்த்தால், சொந்த கிளினிக், ஆயுர்வேத மருத்துவமனை, மருந்துக் கம்பெனி, அரசு மருத்துவ அலுவலர் பணி எல்லாம் இருக்கின்றன. ஆனால் தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுடையதைவிடக் குறைவு. கல்லூரியில் பாடம் நடத்தவோ ஆராய்ச்சிக்கோ போக ஆயுர்வேதத்தில் எம்.டி. என்ற மேற்படிப்பு வேண்டும், அதற்கு அகில இந்திய நுழைவுத்தேர்வு எழுதவேண்டும், மேலும் மூன்றாண்டு படிப்பு. ஆக, குடும்பம் எட்டரை ஆண்டுக்காவது தயாராக இருக்கவேண்டும்.

நீங்கள் மார்த்தாண்டத்தில் இருப்பது வசதி. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த பகுதி என்பதால் ஆயுர்வேதம் உங்கள் ஊர்ப் பக்கம் அந்நியமில்லை. நாகர்கோவில் கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அங்கே புறநோயாளிகள் பிரிவுக்கு ஒரு நாள் காலையில் மகளைக் கூட்டிப்போங்கள். இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் யாரிடமாவது அவளையே பேசவிடுங்கள், நீங்கள் சற்றுத் தள்ளி நில்லுங்கள். சமஸ்கிருதம்தான் தடை என்று தோன்றினால் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியையும் பார்க்கலாம். சித்தமும் வாதம், பித்தம், கபத்தில்தான் நிற்கிறது, மூலநூல்கள் தமிழில் இருக்கின்றன. இரண்டும் அவளை இழுக்கவில்லை என்றால் பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம்., பிசியோதெரபி பற்றிப் பேசுவோம். கவுன்சலிங்கில் விருப்பப் பட்டியல் நிரப்புவதற்கு முன் அவளையே எனக்கு நாலு வரி எழுதச் சொல்லுங்கள்.