பக்கத்து வீட்டுத் தொல்லை: மலேசிய வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் வரிசையில் ஒரு வீடு ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடக்கிறது. பின்கட்டில் தண்ணீர் தேங்கி ஒரே கொசு. நாங்களே சுவர் ஏறி மருந்து போடலாமா?

வேண்டாம். அத்துமீறி நுழைந்ததாக வழக்கு உங்கள் மேல்தான் திரும்பும். புகாரில் "காலி வீடு" என்று எழுதாமல் "ஏடிஸ் பெருக்கம்" (டெங்கிக் கொசு) என்று எழுதுங்கள். நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம் (1975) அதிகாரிகள் உள்ளே நுழைந்து சோதிக்க இடம் தருகிறது. முதல் குற்றத்துக்கு 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம் உண்டு. பெரும்பாலும் நீதிமன்றம் போகாமல் கட்டும் 500 வெள்ளி கம்பவுண்டோடு முடிந்துவிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஒருமுறை புகையடித்துவிட்டுப் போனார்கள் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். உங்கள் வீட்டுத் தொட்டிக்கு 10 லிட்டருக்கு 1 கிராம் அபேட் (கொசுப்புழு மருந்து).

கோலாலம்பூர் செந்தூலில் சந்து முனையில் குப்பை மேடு. மாநகர் மன்றம் கண்டுகொள்வதே இல்லை.

2011 செப்டம்பர் முதல் கோலாலம்பூரில் குப்பை, கூட்டரசின் (மத்திய அரசின்) திடக்கழிவுக் கழகமான எஸ்டபிள்யூ கோர்ப் பொறுப்பு. அங்கே புகார் செய்யுங்கள். இந்த ஏற்பாடு 672ஆம் சட்டமான திடக்கழிவுச் சட்டப்படி; பினாங்கு அதில் சேரவில்லை, தீவில் இன்றும் மாநகர் மன்றம்தான்.

உணவுக்கடை, கடைமுன் நடைபாதையான ஐந்தடிப் பாதை முழுக்க மேசை போட்டிருக்கிறது.

சாலை, வடிகால், கட்டடச் சட்டம் (1974), பிரிவு 46படி இது வழிமறிப்பு. புகாரில் கடை எண் தெரியும்படி படம், தேதி, நேரம். அவ்வளவுதான்.

எங்கள் ஏரியாவில் தொல்லை தாங்கவில்லை. ஏதாவது செய்யுங்கள்.

எந்த ஏரியா? எந்தத் தெரு? என்ன தொல்லை?

ஆயர் ஈத்தாமில் எதிர்வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். 20 பேருக்கு மேல் தங்கியிருக்கிறார்கள். சாக்கடை அடைப்பு, குப்பை, நடுநிசிச் சத்தம். பலமுறை புகார் செய்தும் பயனில்லை.

புகார் எண்கள் எங்கே? வாட்ஸ்அப் குழுவில் போட்ட படமெல்லாம் புகார் இல்லை. மாதாமாதம் இதே கடிதம் வருகிறது, எண் மட்டும் வருவதில்லை.

என்ன நடக்கிறது என்றால், சாக்கடை ஒரு பிரிவுக்கு, குப்பை இன்னொன்றுக்கு, சத்தம் போலீசுக்கு என்று போகிறது. ஒவ்வொருவரும் வந்து தன் பங்கைப் பார்த்து, கோப்பை மூடிவிடுகிறார். மேசையில் இருப்பவருக்கு ஒவ்வொன்றும் புதிய, சின்னப் புகார். ஒரே வீடுதான் எல்லாரையும் அலையவிடுகிறது என்பது யாருக்கும் தெரிவதில்லை. அதை நீங்கள்தான் காட்ட வேண்டும். ஒரு நோட்டில் தேதி, நேரம், என்ன நடந்தது, எந்த அலுவலகம், புகார் எண், வந்த பதில் என எழுதுங்கள். இரண்டாவது புகாரிலிருந்து பழைய எண்களையெல்லாம் மேலேயே குறிப்பிடுங்கள். முதலில் வீட்டு எண்ணோடு முழு வீட்டையும் ஒரு படம், பிறகு கிட்டத்தில் ஒன்று.

அடுத்து, உரிமையாளர் யார்? லோட் எண்ணோடு (மனை எண்) நில அலுவலகத்தில் தேடினால் பெயர் கிடைக்கும். ஊராட்சிச் சட்டப்படி (1976) நோட்டீஸ் தொல்லை செய்தவருக்குத்தான் போகும். வாடகைதாரர் மாறியதும் அது வீண். வீடு காலியாக இருந்தாலோ, கோளாறு கட்டட அமைப்பில் இருந்தாலோ உரிமையாளருக்குப் போகும். அதனால் வடிகால் குழாய் உடைந்திருந்தால் "உடைப்பு" என்றே எழுதுங்கள், "நாற்றம்" என்று எழுதாதீர்கள். நோட்டீசை மதிக்காவிட்டால் விவகாரம் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

ஆனால் மாநகர் மன்றத் துணை விதிகளில் அபராத உச்சவரம்பு 2,000 வெள்ளி, தொடர்ந்தால் நாளுக்கு 200. இருபது பேரிடம் வாடகை வாங்குகிறவருக்கு இது தூசு. தங்கியிருப்பவர்கள் ஒரு கம்பெனியின் தொழிலாளர்கள் என்றால் தொழிலாளர் இலாகாவுக்கு எழுதுங்கள். 446ஆம் சட்டப்படி (தொழிலாளர் தங்குமிடத் தரத்துக்கான சட்டம்) தங்குமிடச் சான்றிதழ் முதலாளியிடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் 50,000 வெள்ளி வரை அபராதம். சாதாரண வீடென்றால் ஆளுக்குச் சுமார் 3.6 சதுர மீட்டர் படுக்கை இடம், ஆறு பேருக்கு ஒரு கழிப்பறை. தவறு முதலாளியுடையது, தொழிலாளர்களோடு தெருவில் சண்டைக்கு நிற்காதீர்கள்.

அமெரிக்காவில் போலீசை அடிக்கடி வரவழைக்கும் வீட்டுக்காரருக்கே பில் போடுகிறார்களாம். இங்கே ஏன் இல்லை?

மில்வாக்கியில் 30 நாளில் மூன்று முறை என்பது கணக்கு. இங்கே போலீஸ் கூட்டரசின் கையில். 999 அழைப்பை மாநகர் மன்றம் எண்ண முடியாது. அந்த முறைக்கும் அவசரப்பட்டு ஆசைப்படாதீர்கள். பென்சில்வேனியாவின் நோரிஸ்டவுனில் காதலனிடம் அடிபட்ட பெண்ணே, போலீசைக் கூப்பிட்டால் வாடகை வீடு போய்விடும் என்று பயந்தார். 2013இல் வழக்கு, அடுத்த ஆண்டு சமரசம். அந்த விதியும் போனது.

எங்கள் கொண்டோ அடுக்குமாடியில் பக்கத்து வீட்டைத் தினவாடகைக்கு விடுகிறார்கள். ராத்திரியெல்லாம் பெட்டி இழுக்கும் சத்தம்.

மோண்ட் கியாரா வெர்வ் சூட்ஸ் வழக்கில் 2020 அக்டோபரில் கூட்டரசு நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: வீட்டு உரிமையாளர்களின் நிர்வாகக் கழகம் கூடுதல் துணை விதி போட்டு இதைத் தடுக்கலாம். 21 நாள் முன்னறிவிப்பு, சிறப்புத் தீர்மானம், பதிவான செல்லுபடியாகும் வாக்குகளில் முக்கால் பங்கு. மீறினால் தடவைக்கு 200 வெள்ளி வரை. இங்கேயும் தேதி, நேரம், காவலர் பதிவேட்டு எண் வேண்டும். பொதுக்கூட்டத்துக்கு வராதவர்கள் எனக்கு எழுத வேண்டாம்.