தொடங்கவே முடியவில்லை, மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, வீட்டிலிருந்தே கணக்கு பார்க்கும் வேலை எனக்கு. காலையில் லேப்டாப்பைத் திறந்து மேலதிகாரியின் மெயில் வந்திருக்கிறது என்று தெரிந்தாலே வயிற்றைப் பிசைகிறது. அதைத் தொடாமல் எழுந்துபோய்த் துணி மடிப்பேன், அலமாரி அடுக்குவேன், போனை எடுத்தால் அரைமணி நேரம் போய்விடும். மத்தியானத்துக்குள் பயம் இரண்டு மடங்காகிறது. கடைசியில் ராத்திரி 11 மணிக்கு உட்கார்ந்து அரைகுறையாக முடித்து அனுப்புகிறேன். நான் சோம்பேறியா, இல்லை கவனக் குறைபாடு என்கிறார்களே, அதுவா? (பெயர் வேண்டாம் என்ற வாசகி)

பதில்: சோம்பேறிக்கு வயிறு பிசையாதும்மா. துணியும் மடித்து, அலமாரியும் அடுக்கி, ராத்திரி 11 மணிக்கு உட்கார்ந்து வேலையையும் அனுப்பிவிட்டுத் தன்னைச் சோம்பேறி என்று சொல்லிக்கொள்ளும் பெண்களின் கடிதம் எனக்கு நிறைய வருகிறது. ஒவ்வொரு தடவையும் அந்த வார்த்தையை வாசிக்க வருத்தமாக இருக்கும். முதலில் அதை எடுத்துவிடுங்கள்.

அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். மெயில் பெட்டியில் அவர் பெயர் தடித்த எழுத்தில் இருக்கிறது. விரல் அங்கே போகிறது. அடிவயிறு இறுகுகிறது, மூச்சு நெஞ்சோடு நின்றுவிடுகிறது, அடுத்த வினாடி கை போனில் இருக்கிறது. போனில் விசேஷமாக ஒன்றும் இல்லை, ஆனால் அந்த இறுக்கம் சட்டென்று தளர்கிறது பாருங்கள், அதைத்தான் மூளை குறித்து வைத்துக்கொள்கிறது. ‘இதை விட்டு விலகினால் நிம்மதி’ என்று. நாளைக்கு அதே பெயரைப் பார்த்ததும் கை இன்னும் சீக்கிரமாக நகரும், அந்த மெயிலும் இன்னும் கொஞ்சம் பூதமாகத் தெரியும். நாம் கவனச் சிதறல் என்று சொல்வதில் பெரும்பங்கு இப்படிப் பயத்திலிருந்து விலகி ஓடியதுதான். வேலையைத் தள்ளிப்போடும் பழக்கத்தை வருஷக்கணக்காக ஆராய்ந்த டிமத்தி பிச்சில் போன்ற உளவியலாளர்களும் இதையேதான் சொல்கிறார்கள்: இதை நேரத்தைச் சமாளிக்கத் தெரியாத கோளாறாகப் பார்ப்பதைவிட, அந்த நேரத்து மோசமான உணர்விலிருந்து தப்பிக்கும் வழியாகப் பார்ப்பதுதான் சரி என்று. அதனால்தான் புதிது புதிதாக எத்தனை அட்டவணை போட்டாலும் மூன்றாம் நாள் கைவிட்டுப் போகிறது.

சரி, என்ன செய்வது? ‘மெயிலுக்குப் பதில் எழுதணும்’ என்பது முதல் படியே இல்லை, அது மூன்றாவது படி. முதல் படி, திறந்து வாசித்துவிட்டு மூடுவது. பதில் எழுதக் கூடாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, அவர் கேட்டிருப்பது என்ன என்று ஒரு தாளில் ஒரே வரியில் எழுதுவது. அதற்கு மேல் அப்போதைக்கு வேண்டாம். பயம் போன பிறகு திறக்கலாம் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். திறக்காதவரை அது போகாது. காலிரண்டையும் தரையில் நன்றாக ஊன்றி, மூச்சை மெதுவாக நீளமாக வெளியே விட்டு, பயம் இருக்கும்போதே திறக்க வேண்டும். திறந்த பிறகும் நாம் நாற்காலியில்தான் இருக்கிறோம் என்பதை உடம்பு தானே அனுபவித்துப் பார்த்தால்தான் நம்பும், நாம் அதற்கு எடுத்துச் சொல்லிப் பயனில்லை. நாலைந்து நாள் ஒன்றும் மாறாத மாதிரிதான் இருக்கும், விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. ‘நாளை முதல் ஒழுங்காக மெயில் பார்ப்பேன்’ என்பது தீர்மானம், திட்டம் ஆகாது. ‘லேப்டாப் திறந்ததும் போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்து முதல் மெயிலை வாசிப்பேன்’, இதுதான் திட்டம். இது நடந்தால் அதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப்போட்டு வைப்பது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இதைப் பல காலமாக ஆராய்ந்தவர். 2006-ல் அவரும் இன்னொருவரும் சேர்ந்து 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இப்படி முடிச்சுப்போட்டு வைத்தவர்கள் வெறும் ஆசையோடு நின்றவர்களைவிட நன்றாகவே முன்னே இருந்தார்கள். அந்த நேரத்தில் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டிய பாரம் இல்லாமல் போகிறது, அவ்வளவுதான் சூட்சுமம்.

கவனக் குறைபாடு இருக்கிறதா என்று கேட்டீர்கள். அது பெரும்பாலும் 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்கும், பள்ளியிலும் வீட்டிலும் எல்லா இடத்திலும் தெரிந்திருக்கும், பயமே இல்லாத வேலையில்கூட. உங்களுக்கு அந்த ஒரு மெயில் பெட்டியில்தான் தட்டுகிறது. ஆனாலும் இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு, சின்ன வயசிலிருந்தே இப்படித்தான் என்று தோன்றினால் மனநல மருத்துவரிடம் ஒருமுறை முறையாகப் பார்த்துவிடுங்கள். இணையத்தில் பத்துக் கேள்விக்கு டிக் போட்டு முடிவுசெய்யாதீர்கள்.

கேள்வி: செய்ய வேண்டியதை எல்லாம் எழுதிவைக்கச் சொன்னார்கள், எழுதினேன். 43 வேலை வந்தது. இப்போது அந்த நோட்டைப் பார்த்தாலே படபடப்பு வருகிறது.

பதில்: அந்த நோட்டை எடுத்து வாசித்துப் பாருங்கள் தம்பி, பாதி வரிகள் இப்படித்தான் இருக்கும்: ‘இன்சூரன்ஸ்’, ‘பல்’, ‘மாடி ரூம்’. இவை வேலைகளே இல்லை, கவலைகளின் பெயர்கள். ‘இன்சூரன்ஸ்’ என்று எழுதியதைப் பார்த்தால் கை எங்கே போகும்? எங்கும் போகாது, மனசுதான் போகும். அதை அடித்துவிட்டு ‘பாலிசி காகிதத்தைத் தேடி மேசைமேல் வை’ என்று எழுதுங்கள். ‘பல்’லை அடித்துவிட்டு ‘வியாழன் காலை 10 மணிக்கு டாக்டருக்கு போன் செய்’. வரியின் முடிவில் கை, கால், வாய் ஏதாவது ஒன்றுக்கு வேலை இருக்க வேண்டும்.

இது வெறும் எழுத்து அழகுக்காக இல்லை. 2011-ல் மஸிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் செய்த சோதனைகளில், முடிக்காத காரியம் வேறு வேலைக்கு நடுவில் வந்து வந்து தலையை நீட்டுவதைப் பார்த்தார்கள். ஆனால் அதை எப்போது, எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டம் போட்டவர்களுக்கு அந்தத் தொந்தரவு அடங்கிவிட்டது. காரியம் இன்னும் முடியவில்லை, திட்டம் மட்டும்தான் போட்டிருந்தார்கள், அதற்கே மனசு சமாதானமாகிவிட்டது. எனக்கு இதில் ரொம்ப ஆறுதல் உண்டு, எல்லாவற்றையும் முடித்தால்தான் நிம்மதி என்பது உண்மையில்லை என்று ஆகிறது அல்லவா.

43 வரி உள்ள நோட்டு அலமாரியில் இருக்கட்டும். தினமும் ஒருதடவை, காலையிலோ முந்தின நாள் சாயங்காலமோ, அதிலிருந்து மூன்றை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு நோட்டை மூடிவிடுங்கள். மூன்றும் முடிந்துவிட்டால் நாலாவதை எடுக்கலாம், எடுக்காமலும் இருக்கலாம்.

கேள்வி: 25 நிமிஷம் வேலை, 5 நிமிஷம் ஓய்வு என்று கடிகாரம் வைத்துச் செய்தால் கவனம் நிற்கும் என்கிறார்கள். எனக்குக் கடிகாரம் ஓடுவதைப் பார்த்தாலே பரீட்சை ஹாலில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

பதில்: அப்போது விட்டுவிடுங்கள். பலருக்கு உதவுகிற முறைதான், ஆனால் பதற்றம் உள்ளவருக்கு எண்கள் குறைந்துகொண்டே வருவது இன்னொரு பயமுறுத்தல். உங்கள் கணக்கு நேரமாக இல்லாமல் அளவாக இருக்கட்டும்: ஒரு பக்கம், ஐந்து பில், ஒரு கோப்பு. நடுவில் யாராவது கூப்பிட்டு எழுந்துபோக வேண்டி வந்தால், எழுவதற்கு முன் ‘அடுத்து இதைச் செய்யணும்’ என்று ஒரே வரி எழுதிவைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து ‘எங்கே விட்டேன்’ என்று தேடுகிற அந்த ஒரு நிமிஷத்தில்தான் கை போனுக்குப் போகும்.

கேள்வி: வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போனதும் பூட்டினோமா என்ற சந்தேகம். திரும்பி வந்து பார்த்தால் பூட்டித்தான் இருக்கிறது. ஞாபக மறதி வந்துவிட்டதா? வயது 38.

பதில்: மறக்கவில்லை, அது பதிவாகவே இல்லை. சாவியைத் திருப்பும்போது கை மட்டும்தான் அங்கே இருந்தது, மனசு அதற்குள் ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்துவிட்டது. சாவியைத் திருப்பும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள், ‘செவ்வாய்க்கிழமை, பூட்டியாச்சு’ என்று. கிழமையைச் சேர்த்துச் சொல்வது முக்கியம், நேற்றுப் பூட்டியதும் இன்று பூட்டியதும் ஒன்றோடொன்று குழம்பாது. அதன் பிறகும் ஐந்து தடவை பத்துத் தடவை திரும்பிப் போய்ப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, அதனால் வேலைக்கே தாமதமாகிறது என்றால் அது வேறு விஷயம், அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, கூச்சப்படாமல் போங்கள்.

கேள்வி: பகலெல்லாம் எப்படியோ ஓடிவிடுகிறது. படுத்தவுடன்தான் எல்லாக் கவலையும் வரிசையில் வந்து நிற்கிறது. மறுநாள் தூக்கமில்லாமல் வேலையில் கவனமே இல்லை.

பதில்: பகலில் கவலைக்கு நீங்கள் நேரமே கொடுக்கவில்லை, அதனால் ராத்திரி வருகிறது. சாயங்காலம் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அரைமணி நேரம் கவலைப்படுவதற்கென்றே உட்காருங்கள். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் 1983-லேயே தாமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளரும் அவர் குழுவும் சோதித்துப் பார்த்த முறை இது. மற்ற நேரத்தில் கவலை வந்தால் விரட்ட வேண்டாம், ‘ஆறு மணிக்குப் பார்க்கலாம்’ என்று குறித்துவைத்துவிட்டுக் கையில் இருக்கும் வேலைக்குத் திரும்புங்கள். ஆறு மணிக்குப் பார்த்தால் அதில் சிலது தானே ஆறிப்போயிருக்கும். ஆனால் படுக்கையில் உட்கார்ந்து மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

படுக்கப் போகும்முன் ஐந்து நிமிஷம், வரும் நாட்களில் செய்ய வேண்டியதை எழுதுங்கள். 2018-ல் வெளியான ஓர் ஆய்வில் 57 பேரை உறக்க ஆய்வுக்கூடத்தில் படுக்கவைத்துப் பார்த்தார்கள். முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட, செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிஷம் முன்னதாகத் தூங்கினார்கள். சின்ன ஆய்வுதான், ஆனால் ஒரு பேனாவுக்கு மேல் செலவில்லை. மத்தியானத்துக்கு மேல் காபியைக் குறைத்துப் பாருங்கள், குடித்து சுமார் 5 மணி நேரம் ஆன பிறகும் அதன் பாதி உடம்பில்தான் இருக்கும்.

கேள்வி: என் கணவருக்குத்தான் இந்தப் பிரச்சினை. எளிய வேலையைக்கூடத் தொடங்காமல் உட்கார்ந்திருக்கிறார். ‘சும்மா எழுந்து செய்யுங்க, எல்லாம் சரியாயிடும்’ என்று நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டேன். இப்போது என்னிடம் பேசவே தயங்குகிறார். நான் என்ன தப்புப் பண்ணினேன்?

பதில்: தப்பு ஒன்றும் இல்லைம்மா, பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் சொன்னது. ஆனால் ‘சும்மா எழுந்து செய்யுங்க’ என்றால் அவர் காதில் ‘இதுகூட முடியவில்லையா’ என்றுதான் விழும், அதை அவர் தனக்குத்தானே ஏற்கெனவே நூறு தடவை சொல்லிக்கொண்டிருப்பார். ‘முடிச்சாச்சா?’ என்பதையும் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். அதற்குப் பதில் ‘எந்த இடத்துல நிக்குது?’ என்று கேட்டுப் பாருங்கள். முடித்தாரா என்ற கேள்விக்கு அவரிடம் ஒரே பதில்தான், எங்கே நிற்கிறது என்றால் அவர் உங்களோடு சேர்ந்து அந்த வேலையைப் பார்க்க வேண்டி வரும்.

பக்கத்தில் உட்காருங்கள். உதவி செய்ய வேண்டாம், எட்டிப் பார்க்கவும் வேண்டாம், உங்கள் வேலையை எடுத்துக்கொண்டு அதே மேசையில் உட்காருங்கள். தனியாக இருந்தால் தொடங்காத வேலை, இன்னொருவர் அமைதியாகப் பக்கத்தில் இருந்தால் நகர்வதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஆறு மாதத்துக்கும் மேலாகப் பெரும்பாலான நாள் இப்படியே இருக்கிறதா, தூக்கமும் சாப்பாடும் கெட்டிருக்கிறதா, முன்பு பிடித்ததெல்லாம் இப்போது வேண்டாம் என்கிறாரா? இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. முதலில் பொது மருத்துவரையே பாருங்கள், தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் இதே படபடப்பும் நிலையில்லாமையும் வரும், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அப்புறம் மனநல மருத்துவர், பேச்சு வழிச் சிகிச்சை, தேவைப்பட்டால் மருந்து. வாழ்வதில் அர்த்தமில்லை என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் அன்றைக்கே அழைத்துப் போங்கள், தனியாக விடாதீர்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள்.

டாக்டருக்கு போன் செய்வதும் அவருக்குத் தொடங்க முடியாத ஒரு வேலைதான். எண்ணை நீங்களே அழுத்தி, ‘ரெண்டு பேருமா போகலாங்க, நானும் உள்ள வரேன்’ என்று சொல்லிவிட்டு போனை அவர் கையில் கொடுங்கள். அவர் பேசத் தயங்கினால் நீங்களே பேசி நேரம் வாங்கிவிடுங்கள்.